நாயோடு வருபவர்களுக்கும் பூங்காவில் ஒரு மணி நேரம் கொடுங்கள்: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெரம்பூரில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். எங்களோடு முத்து என்ற நாட்டு நாய் இருக்கிறான். குட்டியாக இருந்தபோது ஒரு மழை நாளில் தெருவிலிருந்து வீட்டுக்கு வந்தவன். அவனுக்கு மாநகராட்சி உரிமம் இருக்கிறது, தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறது, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறது. கயிறு இல்லாமல் பத்து நிமிடம் ஓட ஓர் இடம் மட்டும் இல்லை. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்டலத்துக்கு ஒன்றாவது வேலி போட்ட நாய்த் திடல் வேண்டும். அது அமையும் வரை, இப்போதிருக்கும் பூங்காக்களில் சிலவற்றிலாவது விடிகாலையில் ஒரு மணி நேரமும் இரவில் ஒரு மணி நேரமும் நாயோடு வருபவர்களுக்கு என்று குறித்துக் கொடுக்க வேண்டும். நகரில் பெருகிவரும் செல்லப்பிராணி விழாக்களுக்கு ஓர் ஒழுங்குமுறை வேண்டும்.

உரிமம் விஷயத்தில் நீங்கள் கண்டிப்பு காட்டியதை நான் வரவேற்கிறேன். ஆண்டுக்கு 50 ரூபாய்தான் கட்டணம். அப்படியும் பலர் அதைக் கண்டுகொள்ளாமலே இருந்தார்கள். 2025 கடைசியில் உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த பிறகுதான் திரு.வி.க. நகரிலும் நுங்கம்பாக்கத்திலும் இருக்கும் உங்கள் சிகிச்சை மையங்களில் கூட்டம் சேர்ந்தது. அந்த வரிசையில் நின்றவர்களில் ஆட்டோ ஓட்டுநர்கள், டெய்லர்கள், காலேஜ் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். நாய் வளர்ப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அந்த வரிசையை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். அப்படி வரிசையில் நின்று உரிமம் வாங்கிய நாயோடு வெளியே வந்தால், போக இடம் எங்கே? என் வீட்டருகே இருக்கும் பூங்காவின் வாசலில் நாய்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை தொங்குகிறது. காவலாளி நல்ல மனிதர். "எனக்கு ஒண்ணும் இல்லை சார், மேலே சொல்லியிருக்காங்க" என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எந்தப் பூங்காவில் விடலாம், எதில் கூடாது, எத்தனை மணிக்கு விடலாம் என்று எழுத்தில் தெளிவாக ஒன்றும் இல்லாதபோது அவர் என்னதான் செய்வார்?

அந்தப் பலகை ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். அவள் விளையாடிக்கொண்டிருந்த இடம் அவள் வீட்டு வாசல். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் வளர்ப்பு பிட்புல் கடித்து ஒருவர் உயிரே போனது. இந்த இரண்டையும் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு நாய்க்கு இடம் கொடு என்று பேசுவது அநியாயம். பூங்காவில் குழந்தையோடு நடக்கும் ஒரு அம்மா என் முத்துவைப் பார்த்து ஒதுங்கிப் போனால், அவர் பயம் நியாயமானது. அதை மாற்ற வேண்டிய கடமை என்னுடையது, அவருடையது இல்லை.

ஆனால் அந்தப் பயத்துக்கு வெறும் பலகையை மட்டும் பதிலாக வைத்தால் ஆபத்து குறையாது, கூடத்தான் செய்யும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாய்க்குட்டிக்கு ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை ஒரு பருவம் உண்டு. அப்போது எதை எல்லாம் பார்க்கிறதோ, கேட்கிறதோ, மோப்பம் பிடிக்கிறதோ அதெல்லாம் அதற்கு இயல்பான உலகமாகிவிடும். குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், கைத்தடி ஊன்றும் தாத்தா, சைக்கிள், ஓடும் குழந்தை, இன்னொரு நாய், எதுவானாலும் சரி. அந்தப் பருவத்தை நாலு சுவருக்குள்ளே கழித்த குட்டிக்குப் பிற்பாடு புதிதாக வருவதெல்லாம் மிரட்சியாகத்தான் இருக்கும். மிரண்ட நாய்க்கு ஓட வழி இருந்தால் ஓடும். கழுத்தில் செயின் இருந்தால் அது எங்கே ஓடும்? குரைக்கும், பல்லைக் காட்டும், அதற்கும் எதிரே இருப்பவர் விலகவில்லை என்றால் கடிக்கும். நாய்க்கடிகளில் பெரும் பகுதிக்குப் பின்னால் இருப்பது கொடூர குணம் இல்லை, பயம்தான். கால்நடை மருத்துவர்களைக் கேளுங்கள், இதைத்தான் சொல்வார்கள்.

நம் ஊரில் வளர்ப்பு நாய்கள் எங்கே வாழ்கின்றன என்று கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஆறடிச் சங்கிலியோடு ஒன்று. பால்கனிக் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு ஒன்று. முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் இன்று இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கின்றன. ராஜபாளையத்தைக் காலையில் பத்து நிமிடம் தெருமுனை வரை கூட்டிப் போய்த் திரும்பினால் அதற்குப் போதுமா? உடம்பில் சேர்ந்த சக்தி போக வழியில்லாமல் அது செருப்பைக் கடிக்கும், இரவெல்லாம் குரைக்கும். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். கடைசியில் ஒருநாள் அதைக் காரில் ஏற்றி எங்கோ ஒரு புறநகர்ச் சாலையில் இறக்கி விட்டுவிடுவார்கள். தெருவில் ஹஸ்கி, லாப்ரடார் எல்லாம் எலும்பும் தோலுமாக அலைவதைப் பார்த்திருப்பீர்கள். தெருநாய்ப் பிரச்சினையோடு மல்லுக்கட்டும் மாநகராட்சிக்கு இதுவும் ஒரு கவலையாக இருக்க வேண்டும்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் குடியிருப்போர் சங்கங்களுக்கென வெளியிட்ட வழிகாட்டுதலில் இது பற்றித் தெளிவாகவே பேசுகிறது. பூங்காக்களில் வளர்ப்பு நாய்களை அடியோடு தடை செய்வது தொலைநோக்கில்லாத செயல் என்றும், போதிய உடற்பயிற்சி கிடைத்த நாய் ஆரோக்கியமாகவும் மூர்க்கமில்லாமலும் இருக்கும், குரைப்பதும் குறையும் என்றும், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாதபடி நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்றும் அது சொல்கிறது. நான் கேட்பதும் அதே நேர ஒதுக்கீடுதான்.

அரசு இடம் கொடுக்காத இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த வெற்றிடத்தைத் தனியார் நிரப்பினார்கள். நாயை அனுமதிக்கும் கஃபேக்கள், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நாய்களுக்கான நீச்சல் குளம், ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புகள், பிறந்தநாள் விழாக்கள், உடையலங்காரப் போட்டிகள். அவற்றில் நன்றாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் அங்கே போக கார் வேண்டும். மெட்ரோவில் நாய்க்கு அனுமதி இல்லை. நாயைப் பார்த்ததும் பாதி ஆட்டோக்காரர்கள் கையை அசைத்துவிட்டுப் போய்விடுவார்கள், மீதிப் பேர் இரண்டு மடங்கு கேட்பார்கள். போய்ச் சேர்ந்தால் நுழைவுக் கட்டணம், அப்புறம் குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனை. வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு தெருக்குட்டியை எடுத்து மகனைப் போல வளர்ப்பவருக்கு இதில் எது கட்டுப்படியாகும்? நாயோடு வெளியே போய் நாலு பேரைப் பார்ப்பது என்பது காசு உள்ளவர்களுக்கு மட்டுமான விஷயமாக இந்த நகரில் மாறிக்கொண்டிருக்கிறது. என் வருத்தத்தில் பெரிய பங்கு இதுதான். கடற்கரையில் நடக்க நாம் டிக்கெட் வாங்குவதில்லை, நூலகத்துக்கு வாங்குவதில்லை. நாயோடு ஓர் அரை மணி நேரம் நிற்கவும் வாங்கக் கூடாது.

காசு கொடுத்துப் போகும் இடமாவது நாய்க்கு நல்லதாக இருக்கிறதா என்றால், அதுவும் பல நேரம் இல்லை. ஒரு திருமண மண்டபத்தில் நடந்த நாய்ச் சந்திப்பு ஒன்றுக்கு முத்துவைக் கூட்டிப் போயிருந்தேன். வழுவழு டைல்ஸ் தரை. கால் பிடிப்பில்லாமல் நாய்கள் சறுக்கின. மேடையில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் பலூன், அதில் ஒன்றிரண்டு வெடிக்கவும் செய்தன. சின்னப் பொமரேனியனும் பெரிய கிரேட் டேனும் ஒரே கூடத்தில். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பேசின். நாற்காலி ஒன்றின் அடியில் ஒரு பீகிள் சுருண்டு கிடந்தது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டது, கண்ணின் வெள்ளை ஓரம் தெரியப் பக்கவாட்டில் பார்த்தது. நாய் தன் பயத்தைச் சொல்வது இப்படித்தான். அதன் வீட்டுக்காரப் பெண் அதை இழுத்து வெளியே எடுத்து, தலையில் தொப்பி மாட்டி, போட்டோவுக்கு நிற்க வைத்தார். அவர் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். முத்து அன்றைக்கு வாசலைத் தாண்டி உள்ளே வரவே மறுத்துவிட்டான். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

இதற்கு நேர்மாறானதை எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் விடிகாலையில் பார்க்கலாம். நாலைந்து பேர், ஆளுக்கொரு நாய், கையில் பிடித்த கயிறு (லீஷ்) தளர்வாக. நேருக்கு நேர் மோதவிடாமல், ஒரே திசையில், கொஞ்சம் இடைவெளி விட்டுச் சேர்ந்து நடக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் நாய்களே இடைவெளியைக் குறைத்துக்கொள்கின்றன. ஒன்று வளைந்து வந்து பின்பக்கம் மோந்து பார்க்கிறது, மற்றது நின்று கொடுக்கிறது, மூன்று விநாடி, அவ்வளவுதான், இரண்டும் தத்தம் வழியில் போகின்றன. முறையாக அறிமுகமாகும் நாய்களின் வணக்கம் இப்படித்தான் இருக்கும். லீஷை இறுக்கிப் பிடித்து மூஞ்சிக்கு மூஞ்சி கொண்டுபோய் நிறுத்தி "ஹாய் சொல்லு, ஹாய் சொல்லு" என்றால்தான் சண்டை வரும். இந்த மாதிரிச் சேர்ந்து நடப்பதற்கு மேடை வேண்டாம், பரிசு வேண்டாம். கொஞ்சம் அகலமான, வண்டி வராத ஒரு பாதை போதும். பூங்காக்களில் நேரம் கேட்பது அதற்காகவே.

கடற்கரை என்றதும் ஒன்றை இங்கேயே சொல்லியாக வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை நம் கடற்கரைக்கு ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்களும் தன்னார்வலர்களும் 1988லிருந்து இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளை எடுத்துக் காக்கிறார்கள். நாய்க்கு அந்த மணல்மேடு தோண்டிப் பார்க்கத் தோன்றும் இடம். ஆகவே அந்த மாதங்களில் இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் மணலில் நாயை அவிழ்த்துவிடவே கூடாது. மாநகராட்சி அதைத் தடை செய்து பலகை வைத்தால் முதல் ஆளாக ஆதரிப்பேன். கடற்கரையையே நாய்த் திடலாக்குங்கள் என்று கேட்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்? ஹைதராபாத் மாநகராட்சி 2018இல் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே ஒரு பூங்காவைத் திறந்தது. 1.3 ஏக்கர். முன்பு குப்பை கொட்டிக்கொண்டிருந்த இடம். ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் செலவு. பெங்களூரு கப்பன் பூங்காவில் ஞாயிறு காலையில் நாய்களோடு மக்கள் கூடுவது வெகு காலமாக நடக்கிறது, அங்கே நாய்களுக்கென்று தனி இடமும் ஒதுக்கினார்கள். 2022இல் பூங்காவுக்குள் நாய்களுக்குத் தடை என்று ஒரு யோசனை வந்தபோது வளர்ப்பவர்கள் திரண்டு எதிர்த்தார்கள், தடை நிறுத்தி வைக்கப்பட்டது. கூடவே கழிவை அள்ளாதவர்களைப் பற்றிய புகார்களும் வெளியே வந்தன. அந்தப் புகார்களில் உண்மை இருந்தது. நாமும் அந்தச் சண்டையை அப்படியே இங்கே நடத்திப் பார்க்க வேண்டாம், முதலிலேயே விதிகளோடு தொடங்கலாம்.

சென்னைக்கு இதில் அடுத்த ஊரைப் பார்த்துக் கற்கும் நிலை வந்திருப்பதே வேதனை. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் இந்த ஊரில்தான். தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடும் வழியை நாட்டுக்கே காட்டிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இந்த ஊரில்தான். இவ்வளவும் இருக்கும் நகரத்தில், வடசென்னையில் நான் நடந்து போகும் தூரத்தில் ஒரு நாய்த் திடல் இல்லை.

இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, குழந்தைகள் விளையாடவே இடம் பற்றாத நகரம் இது. குழந்தைகளின் இடத்தை ஒரு அடி கூட எடுக்க வேண்டாம். பெரிய மனைப் பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படி உங்கள் கைக்கு வந்த நிலங்களில் சில இன்னும் முள்ளும் புதருமாகக் கிடக்கின்றன. மேம்பாலங்களுக்கு அடியில் துண்டு துண்டாக இடம் இருக்கிறது, நிழலும் இலவசம். ஒரு நாய்த் திடலுக்கு நாலைந்து கிரவுண்டு போதும். கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா வரும் என்று அரசு 2024இல் அறிவித்தது. அது உங்கள் நேரடிப் பொறுப்பில் இல்லை என்றாலும், அதன் ஒரு மூலையில் அரை ஏக்கர் இதற்கு வேண்டும் என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதலாமே.

திடல் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் யோசனை சொல்கிறேன், ஏனென்றால் தப்பாகக் கட்டினால் ஆறு மாதத்தில் பூட்டு விழும். வாசலுக்கு இரண்டு கதவு வேண்டும், நடுவில் இருவர் நிற்கும் அளவு இடைவெளி. ஒன்றைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும், அப்போதுதான் நாய் சாலைக்கு ஓடாது. வேலி ஆறடி. சிப்பிப்பாறை நாலடியைச் சும்மா தாண்டும். வயதானவையும் சின்ன ஜாதி நாய்களும் ஒரு பக்கம், பெரியவை மறுபக்கம். தரையில் சிமெண்ட் வேண்டாம், மண்ணும் புல்லும் இருந்தால் போதும். செயற்கைப் புல் போட்டுவிடாதீர்கள், சென்னை வெயிலில் அது தோசைக்கல்லாகிவிடும். புங்கமும் வேம்பும் நடுங்கள். பொதுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பதிலாக ஒரு குழாய் போதும், அவரவர் கிண்ணம் அவரவர் கொண்டு வரட்டும்.

நம் ஊர் வெயிலை வைத்தே நேரத்தையும் குறிக்க வேண்டும். நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், புல்டாக், ஷிட்ஸு மாதிரி மூக்குச் சப்பையான நாய்களுக்கு அதுவும் சரியாக முடியாது. ஏப்ரல், மே மாதம் பகல் பதினோரு மணிக்குத் திறந்தவெளியில் நாய் விழா வைத்தால் அது விபத்தைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வது போல. தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதில் வெந்துபோகும். அதனால்தான் காலை ஐந்திலிருந்து ஆறு வரை, இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை என்று கேட்கிறேன். அந்த நேரத்தில் குழந்தைகளும் குறைவு. மழைக்காலத்தில் வேறு கவலை. எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலின் கிருமி இருக்கும், அது நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். தண்ணீர் வடியும் வரை திடலை மூடிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

உள்ளே வர விதிகள் கடுமையாகவே இருக்கட்டும். உரிமமும் அந்த ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசியும் இல்லாத நாய்க்கு அனுமதி வேண்டாம். பதினாறு வாரம் ஆகாத, பார்வோ என்ற குடல் நோய்க்கான தடுப்பூசிகள் முழுதும் முடியாத குட்டியைத் தரையில் விடக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதுவரை குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவையும் மனிதர்களையும் காட்டலாம், அதற்குத் தடை இல்லை. இணை தேடும் பருவத்தில் இருக்கும் பெட்டை நாய்க்கு அந்த மூன்று வாரம் வீடுதான் நல்லது. பூங்காவில் குறித்த நேரத்தில் வந்தாலும் லீஷ் கட்டாயம். கடித்த வரலாறு உள்ள நாய்க்கு வாய்மூடி கட்டாயம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் தனியாக நாயைக் கொண்டுவரக் கூடாது.

விழா நடத்துபவர்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். எத்தனை நாய் வரும், எவ்வளவு இடம், நிழல் உண்டா, கால்நடை மருத்துவர் ஒருவர் உடன் இருப்பாரா, பயந்த நாய் ஒதுங்க அமைதியான அறை இருக்கிறதா என்று அனுமதிக்கு முன்னால் கேளுங்கள். ஒலிபெருக்கியைத் தடை செய்யுங்கள். விழாவோடு விழாவாகக் கூடையில் குட்டி வைத்து விற்பதை அடியோடு நிறுத்துங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றும், நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. விழா மேடையில் அது யாருக்கும் நினைவு இருப்பதில்லை.

இந்த மடலை வாசிக்கும் நாய் வளர்ப்பாளர்களிடமும் உரிமையோடு சில வார்த்தைகள். கழிவை அள்ளுங்கள். பழைய நாளிதழ் ஒரு தாள், ஒரு பை, இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. காலையில் தெருவைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர் அம்மா உங்கள் நாயின் கழிவையும் சேர்த்து அள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? லிஃப்டில் யாராவது தயங்கினால் "ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லாமல் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள். உங்கள் நாய் கூட்டத்தை விரும்பாத நாய் என்றால் அதைச் சந்திப்புகளுக்கு இழுத்து வராதீர்கள். எல்லா நாய்க்கும் நண்பர்கள் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆள் இல்லாத தெருவில் நிதானமாக மோந்துகொண்டே நடப்பது சில நாய்களுக்குப் பேரின்பம். ராட்வைலரைப் பெருமைக்கு வாங்கிவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் பையன் கையில் கயிற்றைக் கொடுத்து அனுப்புகிறவர்களால்தான் நம் எல்லோர் முகத்திலும் கதவு சாத்தப்பட்டது. அவர்களை நாமே கண்டிக்க வேண்டும்.

தெருநாய்ப் பிரச்சினை இவ்வளவு கொதிக்கும்போது வளர்ப்பு நாய்க்குத் திடலா என்று சிலர் கேட்பார்கள். கேட்பவர்கள் கோபத்தில் கேட்கவில்லை, பிள்ளையைக் கடிக்குக் கொடுத்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முதல் வேலை, அதில் ஒரு ரூபாய் கூடக் குறைக்க வேண்டாம். திடல்களுக்குப் பெரிய நிதி தேவைப்படாது. வேலி, கதவு, குழாய், விளக்கு, குப்பைத் தொட்டி இவ்வளவுதான் செலவு. நாங்கள் கட்டும் உரிமக் கட்டணத்தையும், விதி மீறுபவர்களிடம் வாங்கும் அபராதத்தையும் இதற்கென ஒதுக்கலாம். உரிமக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றினால் கூட எங்களில் பெரும்பாலோர் முகம் சுளிக்க மாட்டோம், அந்தப் பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தால். கட்ட முடியாதவர்களுக்கு, தெருக்குட்டிகளைத் தத்தெடுத்தவர்களுக்கு, கட்டணத்தையே தள்ளுபடி செய்யுங்கள்.

உடனே எல்லா மண்டலத்திலும் வேண்டும் என்று கேட்கவில்லை. வடக்கில் ஒரு பூங்கா, நடுவில் ஒன்று, தெற்கில் ஒன்று என்று மூன்றைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் நேர ஒதுக்கீட்டைச் சோதித்துப் பாருங்கள். வடக்கை மறக்காமல் இருப்பது முக்கியம், ஏனென்றால் இதுபோன்ற எதுவும் முதலில் அடையாறிலும் அண்ணா நகரிலும்தான் தொடங்கும், எங்கள் பக்கம் வருவதற்குள் திட்டமே ஓய்ந்துவிடும். ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு புகார்ப் புத்தகம் வையுங்கள். நாய் இல்லாதவர்கள், குறிப்பாக அந்தப் பூங்காவைப் பயன்படுத்தும் பெண்களும் முதியவர்களும், என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்து ஆறாவது மாதம் முடிவெடுங்கள். ஒரு கடி நடந்தால் அன்றே நிறுத்துங்கள், விசாரியுங்கள்.

காவலாளிக்குக் கூடுதல் வேலை கொடுக்க வேண்டாம். விடிகாலையில் வாசலில் நின்று உரிமத்தையும் தடுப்பூசி அட்டையையும் சரிபார்க்க, நேரம் முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்து சாவியை ஒப்படைக்க, எங்கள் பகுதியில் முறை வைத்து வரத் தயாராக ஆட்கள் இருக்கிறார்கள். நானும் வருகிறேன். வார்டு அலுவலகத்தில் எந்த நாள் வந்து பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு நாய் வளர்ப்பாளர்